அட்லாண்டிக் நீராவிக் கப்பல் எப்படிப் பிழைத்தது?

1840 ஜூலை 4 அன்று லிவர்பூலில் இருந்து பிரிட்டானியா என்ற கப்பல் கிளம்பியது. மரத்தால் கட்டியது, 207 அடி நீளம், இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள், நடுவில் ஒரு புகைபோக்கி. கூடவே மூன்று பாய்மரங்களும் உண்டு. 12 நாள் 10 மணி நேரத்தில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தைத் தொட்டு, அங்கிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அட்லாண்டிக் பயணிகள் கப்பல் எப்படி வேலை செய்தது, யார் காசில் ஓடியது, எப்படி முடிந்தது என்பதையெல்லாம் புரிந்துகொள்ள இந்தக் கப்பலில் தொடங்குவதுதான் எளிது.

அதற்கு முன்னால் இருந்த நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். குறித்த தேதியில் கிளம்பும் கப்பல்கள் பாய்மரக் காலத்திலேயே வந்துவிட்டன. நியூயார்க்கின் பிளாக் பால் நிறுவனம் 1818 முதல், சரக்கு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் சொன்ன நாளில் கப்பலை அனுப்பியது. ஆனால் எப்போது போய்ச் சேரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. வட அட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசும். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் கப்பலுக்கு அது உதவி. எதிர்த்திசையில் போகும் கப்பலுக்கோ ஐந்து வாரம் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். கிளம்பும் நாளைப் போலவே சேரும் நாளையும் ஓரளவு சொல்ல முடிந்தது நீராவி வந்த பிறகுதான். வியாபாரிக்கும் அரசாங்கத்துக்கும் அதுதான் தேவையாக இருந்தது.

சரி, நீராவி எஞ்சினைக் கப்பலில் பொருத்தினால் போதாதா, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். கஷ்டம் நிலக்கரியில் இருந்தது. ரயில் எஞ்சினுக்கு வழியில் நிறுத்தி நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றிக்கொள்ளலாம். லிவர்பூலுக்கும் ஹாலிஃபாக்ஸுக்கும் இடையே சுமார் 2,500 கடல் மைல். நடுவே ஒரு இடமும் கிடையாது. முழுப் பயணத்துக்கும் வேண்டிய நிலக்கரியைக் கிளம்பும்போதே வயிற்றில் சுமந்துகொண்டு போக வேண்டும்.

பிரிட்டானியாவின் கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 டன் நிலக்கரி எரிந்தது. கிடங்கில் 640 டன் பிடிக்கும். இரண்டு வாரப் பயணத்துக்கு 550 டன்னாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், காற்று எதிர்த்து அடித்தால் சமாளிக்க இன்னும் கொஞ்சம் மிஞ்சும். இதெல்லாம் போக, காசு தரும் சரக்குக்கு மிஞ்சிய இடம் 225 டன். பயணிகள் அதிகபட்சம் 115 பேர். அதாவது கப்பல் சுமந்த பெரிய சரக்கே தன்னுடைய சொந்தச் சாப்பாடுதான். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், அடுத்த அறுபது ஆண்டுகளில் நடந்த ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் காரணம் புரியும். நிலக்கரி பிடித்த இடத்தை மீட்டெடுத்து விற்பதுதான் இந்தத் தொழிலின் கதை.

முதல் வழியைக் கண்டவர் இசம்பார்ட் கிங்டம் புரூனல் என்ற பொறியாளர். கடலைத் தாண்டும் அளவுக்கு நிலக்கரி சுமக்கக் கப்பலால் முடியாது, பெரிய கப்பல் கட்டினால் அது இன்னும் அதிகமாக எரிக்கும் என்று பலர் நம்பிய காலம் அது. அவர் வேறு மாதிரி யோசித்தார். ஒரு கப்பலின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் உள்ளே இருக்கும் இடம் எட்டு மடங்காகும். ஆனால் தண்ணீரை உரசும் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். எஞ்சின் போராட வேண்டியது பெரும்பாலும் அந்தப் பரப்போடுதான். ஆகவே கப்பல் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு டன் இடத்துக்கும் ஆகும் நிலக்கரி குறைந்துகொண்டே போகும். இதை நம்பி அவர் கட்டிய கிரேட் வெஸ்டர்ன் 1838 ஏப்ரல் 23 அன்று நியூயார்க் சேர்ந்தபோது, கிடங்கில் இன்னும் 200 டன் நிலக்கரி மிச்சம் இருந்தது. இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காகிதத்தில் போட்ட ஒரு கணக்கு சரியா தப்பா என்பதை, கரையில் நின்றவர்கள் நிலக்கரிக் கிடங்கைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

கடக்க முடியும் என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் லாபம்? பிரிட்டானியாவில் பாஸ்டன் போக 38 கினி கட்டணம். கினி என்பது ஒரு பவுண்டைவிடச் சற்றே கூடிய பழைய பணக் கணக்கு. அன்றைய பவுண்டில் சொன்னால் சுமார் 40. சாப்பாடும் திராட்சை மதுவும் அதில் சேர்த்தி. அன்று ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஒரு வருடச் சம்பளத்தைத் தொடும் தொகை இது. இவ்வளவு வாங்கியும் பயணிகளை மட்டும் நம்பி இந்தக் கப்பலை வருடம் முழுக்க, குளிர்காலத்திலும் ஓட்ட முடியாது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது தபால்.

ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த சாமுவேல் குனார்ட் என்ற கப்பல் முதலாளி 1839-இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். குறித்த தேதிகளில் தபாலைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முதலில் வருடம் 55,000 பவுண்டு என்று பேசி, பிறகு பாஸ்டன் வரை நீட்டி, நான்கு பெரிய கப்பல்கள் என்று முடிவானபோது 60,000 பவுண்டு ஆனது. பிரிட்டானியா, அகேடியா, கலிடோனியா, கொலம்பியா என்ற நான்கு கப்பல்களும் இந்தப் பணத்தை நம்பிக் கட்டப்பட்டவை. நிறுவனத்தின் அன்றைய முழுப்பெயரிலேயே அரச தபால் என்ற சொற்கள் இருந்தன. தபால் பைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கடற்படை அதிகாரியும் ஒவ்வொரு பயணத்திலும் கூட வருவார். போர் வந்தால் கப்பலை அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம். 1854-இல் கிரிமியப் போர் வந்தபோது குனார்டின் கப்பல்கள் அப்படியே படைவீரர்களை ஏற்றிக்கொண்டு போயின.

தபால் ஒப்பந்தம் என்றால் எவ்வளவு கட்டாயம் என்பதை 1844 பிப்ரவரியில் பாஸ்டன் காட்டியது. துறைமுகம் முழுக்க உறைந்து பிரிட்டானியா பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டது. தபால் கப்பல் இங்கே சிக்கும் என்று தெரிந்தால் நிறுவனம் நியூயார்க்குக்குப் போய்விடுமே என்று பாஸ்டன் வியாபாரிகளுக்குப் பயம். தங்கள் செலவிலேயே ஆட்களை வைத்து, பனிக்கட்டியை அறுத்து, சுமார் ஏழு மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். கப்பல் இரண்டே நாள் தாமதமாகக் கிளம்பியது. அப்படியும் சில ஆண்டுகளில் நியூயார்க்குக்கும் குனார்ட் சேவை தொடங்கத்தான் செய்தது.

கப்பலுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது? பணக்காரப் பயணிக்கும் பிரிட்டானியாவில் சொகுசு கிடையாது. இரண்டு பேருக்கு ஒரு சிறிய அறை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பலகைப் படுக்கை, சாப்பிட ஒரு பொதுக்கூடம். குளிர்சாதனம் இல்லாத காலம். பாலுக்கு மேல்தளத்திலேயே ஒரு பசு மாடு கட்டியிருக்கும். முட்டைக்கும் இறைச்சிக்கும் கோழிகளும் ஆடுகளும் உயிரோடு கூடவே வரும். 1842 ஜனவரியில் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் மனைவியோடு இந்தக் கப்பலில் போனார். புயலும் சேர்ந்துகொள்ள, பயணம் அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. திரும்பி வரும்போது பாய்மரக் கப்பலில் வந்தார். அறையின் குறுகலைவிட, புகைபோக்கிக்கு அடியில் எரியும் நெருப்புதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. மரக்கப்பலுக்கு நடுவில் இரவு பகலாக உலை எரிகிறது என்றால் பயப்படாமல் என்ன செய்வது?

அந்த உலைக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய நீராவி ரயிலில் ஃபயர்மேன் என்று ஒருவர் இருப்பார், நிலக்கரியை அள்ளி உலையில் போடுவார். கப்பலிலும் அதே பெயர், அதே வேலை. ஆனால் ரயிலில் ஒரே ஒரு உலை, திறந்த காற்று. கப்பலில் அடித்தளத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாத இரும்புக் கூடத்தில், வரிசையாக உலைகள். 1884-இல் கட்டிய அம்ப்ரியா என்ற குனார்ட் கப்பலில் 72 உலைகள் இருந்தன.

நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம். பகல் இரவு என்ற வித்தியாசம் கிடையாது. வேலையோ வெறுமனே அள்ளிப் போடுவது இல்லை. நிலக்கரியை உலைக்குள் ஒரே சீராகப் பரப்ப வேண்டும். ஒரு பக்கம் குவிந்தால் புகைதான் வரும், சூடு வராது. கொஞ்ச நேரத்தில் அடியில் சாம்பலும் உருகிய கசடும் சேர்ந்து காற்றை அடைக்கும். நீளமான இரும்புக் கம்பியை உள்ளே விட்டு அதை உடைத்து, இழுத்து வெளியே போட வேண்டும். உலைக் கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் குளிர்ந்த காற்று உள்ளே போய் நீராவி அழுத்தம் குறையும். அதனால் எல்லாவற்றையும் வேகமாகச் செய்தாக வேண்டும். இத்தனையையும் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் எழும்போது, கால் வழுக்காமல், எதிரே எரியும் உலையில் விழாமல் செய்ய வேண்டும். இதற்குக் கைத்திறன் வேண்டும். கறுத்துப்போன உடம்பைப் பார்த்து இவர்களை வெறும் கூலிகள் என்று மேல்தளத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். கப்பலின் வேகம் இவர்கள் கையில்தான் இருந்தது.

ஃபயர்மேனுக்கும் கீழே ஒருவர் உண்டு. டிரிம்மர் என்பார்கள். கிடங்குக்குள் இறங்கி நிலக்கரியை வெட்டி, தள்ளுவண்டியில் கொண்டுவந்து உலை முன்னால் கொட்டுவது அவர் வேலை. ஒரு பக்கக் கிடங்கு மட்டும் காலியானால் கப்பல் சாயும். ஆகவே இரு பக்கமும் சமமாகக் குறையும்படி எடுக்க வேண்டும். பயணத் தொடக்கத்தில் உலைக்குப் பக்கத்துக் கிடங்கில் இருந்து எடுக்கலாம். நாள் போகப் போக நிலக்கரி தூரப் போகும், வேலை கூடும். கிடங்குக்குள் வெளிச்சம் ஒரு விளக்குதான், காற்றில் முழுக்கக் கரித்தூள். சம்பளம் ஃபயர்மேனைவிடக் குறைவு. சாம்பலை மேலே ஏற்றிக் கடலில் கொட்டுவதும் இவர்கள் தலையில்தான் விழும். வெப்பம் தாங்காமல் மயங்கி விழுவதும், மேல்தளத்துக்கு ஓடிவந்து கடலில் குதித்துவிடுவதும் அந்தக் காலத்தில் பதிவான சம்பவங்கள். இவர்களில் பெரும்பாலானோருக்கு நிரந்தர வேலை கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகக் கையெழுத்துப் போட்டு ஏறுவார்கள், திரும்பி வந்ததும் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள்.

இனி எஞ்சினுக்கு வருவோம். நிலக்கரியைக் குறைக்க இரண்டாவது வழி, அதே நிலக்கரியில் அதிக வேலை வாங்குவது. இதற்குக் குறுக்கே நின்றது உப்பு. ஆரம்பக் கப்பல்களின் கொதிகலனில் கடல் நீரையே ஊற்றினார்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிப் படியும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சூடான உப்புத் தண்ணீரைக் கடலில் திறந்துவிட்டு, புதிதாகக் கடல் நீரை ஏற்றுவார்கள். அந்தத் தண்ணீரைச் சூடாக்க எரித்த நிலக்கரி அதோடு வீண். அழுத்தத்தைக் கூட்டவும் வழியில்லை, கூட்டினால் உப்புப் படிவு இன்னும் மோசமாகும். பிரிட்டானியாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பன்னிரண்டு பவுண்டு அளவில்தான் இருந்தது.

தீர்வு இரண்டு கட்டமாக வந்தது. எஞ்சினில் வேலை முடித்த நீராவியை, உள்ளே குளிர்ந்த கடல் நீர் ஓடும் குழாய்களின் மேல் படவிட்டு மறுபடி தண்ணீராக்கும் கண்டென்சர் 1860களில் பரவலானது. கடல் நீரும் கொதிகலன் நீரும் கலப்பதே இல்லை. ஒரே நல்ல தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். உப்புத் தொல்லை போனதும் அழுத்தத்தைக் கூட்டலாம். அழுத்தம் கூடியதும் அடுத்த கட்டம் சாத்தியமானது. ஜான் எல்டர் என்ற கிளாஸ்கோ பொறியாளர் 1850களிலேயே கப்பலுக்கு ஏற்றபடி உருவாக்கிய கூட்டு எஞ்சின் அது. அதில் நீராவி முதலில் ஒரு சிறிய உருளையில் பிஸ்டனைத் தள்ளும். அங்கிருந்து வெளியேறும்போதும் அதில் பலம் மிச்சம் இருக்கும். அதை வீணாக்காமல் இன்னொரு பெரிய உருளைக்குள் விட்டு இரண்டாவது முறை வேலை வாங்குவார்கள். பழைய எஞ்சினில் மிச்சப் பலம் அப்படியே போய்விடும்.

பலன் என்ன? ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெற பிரிட்டானியா 2.3 கிலோ நிலக்கரி எரித்தது. 1856-இல் வந்த பெர்சியா என்ற இரும்புத் துடுப்புக் கப்பல் சுமார் 1.7 கிலோ. 1879-இல் ஓடத் தொடங்கிய கேலியா 0.9 கிலோவுக்கும் கீழே. பெர்சியாவுக்கு ஒரு பயணத்துக்கு 1,400 டன் நிலக்கரி வேண்டியிருந்தது, சரக்கு 750 டன் ஏற்றியது. கேலியாவோ அதைவிட வேகமாகப் போயும் 836 டன் நிலக்கரியோடு முடித்தது, சரக்கு 1,700 டன் ஏற்றியது. முன்பு எரிந்து சாம்பலான இடம் இப்போது வாடகை தந்தது.

இதே காலத்தில் துடுப்புச் சக்கரமும் போய்விட்டது. சக்கரத்துக்கும் நிலக்கரியோடு ஒரு வழக்கு இருந்தது. கிளம்பும்போது கப்பல் கனமாக இருக்கும், சக்கரம் ஆழத்தில் முங்கித் திணறும். சேரும்போது நிலக்கரி தீர்ந்து கப்பல் மேலே எழுந்துவிடும், சக்கரம் தண்ணீரைச் சரியாகப் பிடிக்காது. கடல் கொந்தளித்தால் ஒரு சக்கரம் முங்கும், மற்றது அந்தரத்தில் சுற்றும். பின்புறம் தண்ணீருக்குள் சுழலும் புரொப்பெல்லருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதன் அதிர்வை மரக்கப்பல் நெடுநாள் தாங்காது, இரும்பு வேண்டும். ஆகவே இரும்பும் புரொப்பெல்லரும் சேர்ந்தே வந்தன. குனார்டின் கடைசி அட்லாண்டிக் துடுப்புக் கப்பல் 1862-இல் ஓடத் தொடங்கிய ஸ்கோஷியா.

மீட்டெடுத்த இடத்தை யாருக்கு விற்றார்கள்? இங்கேதான் கதை பணக்காரர்களை விட்டு ஏழைகளிடம் வருகிறது.

பிரிட்டானியாவில் ஏழைகளுக்கு இடமே இல்லை. அயர்லாந்தின் பஞ்சத்திலிருந்து தப்பியவர்களும் ஜெர்மானிய விவசாயிகளும் பாய்மரக் கப்பல்களில், சரக்குத் தளத்தில், ஐந்து ஆறு வாரம் கிடந்துதான் அமெரிக்கா போனார்கள். வழியில் நோயால் இறந்தவர்கள் ஏராளம். லிவர்பூலைச் சேர்ந்த வில்லியம் இன்மன் 1850-இல் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ என்ற இரும்பு, புரொப்பெல்லர் கப்பலை ஓட்டத் தொடங்கினார். தபால் பணம் அவருக்கு இல்லை. நிலக்கரி குறைவாக எரிப்பதால், குடியேறப் போகும் ஏழைகளை ஏற்றியே பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கு பலித்தது. அந்தக் கப்பல் 1854-இல் சுமார் 480 பேரோடு சுவடே தெரியாமல் மறைந்துபோனது என்பது வேறு விஷயம். ஆனால் அவர் காட்டிய வழியில் எல்லா நிறுவனங்களும் வந்தன. 1860களில் குனார்டும் கீழ்த்தள வகுப்பைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் குடியேறிகளில் பெரும்பாலோர் நீராவிக் கப்பலுக்கு மாறிவிட்டார்கள்.

கீழ்த்தள வகுப்பை ஸ்டியரேஜ் என்பார்கள். இரண்டடுக்குப் பலகைப் படுக்கைகள், வைக்கோல் திணித்த மெத்தை. தனி ஆண்கள் முன்புறம், தனிப் பெண்கள் பின்புறம், குடும்பங்கள் நடுவில். பல கப்பல்களில் தகரத் தட்டும் குவளையும் படுக்கையும் பயணியே கொண்டுவர வேண்டும். சாப்பாடு கப்பல்காரர் தருவார்கள். கட்டணம் பெரும்பாலும் 6 கினி, நிறுவனங்களுக்குள் போட்டி முற்றினால் அதில் பாதிக்கும் இறங்கும். இந்த வாழ்க்கையைச் சுகம் என்று சொல்ல மாட்டேன். கடல் நோவு, அடைத்த காற்று, நூற்றுக்கணக்கானோர் ஒரே கூடத்தில். ஆனாலும் நாற்பது நாள் பத்து நாளாகக் குறைந்தது என்பது உயிர்களைக் காப்பாற்றிய மாற்றம். தண்ணீர் கெடுவதற்கும் கிருமி பரவுவதற்கும் அவகாசம் குறைந்தது. குடியேறியவர்கள் பின்னால் வரும் மனைவிக்கும் தம்பிக்கும் அமெரிக்காவிலிருந்தே முன்பணம் கட்டிச் சீட்டு வாங்கி அனுப்பினார்கள். அப்படி விற்ற சீட்டுகள் நிறுவனங்களுக்குப் பெரிய வருமானம்.

மேல்தளத்துச் சலவைக்கல்லையும் கண்ணாடிக் கூரையையும் பற்றி விளம்பரங்கள் பேசின. ஆனால் கப்பல் நஷ்டமில்லாமல் ஓடியதில் பெரிய பங்கு கீழே படுத்திருந்தவர்களுடையது. இதை எழுதும்போது மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. கப்பல்களைப் பற்றிய பழைய ஓவியங்களில் அவர்கள் மிகக் குறைவாகவே தென்படுகிறார்கள்.

ஒரு பயணம் எப்படி நடக்கும் என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1880களில் கப்பல் லிவர்பூலில் மெர்சி ஆற்றில் நிற்கும். சிறு நீராவிப் படகுகள் பயணிகளைக் கரையிலிருந்து கொண்டுவந்து ஏற்றும். மறுநாள் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் நிற்கும். லண்டனில் கடைசி நேரத்தில் சேர்ந்த தபால், ரயிலிலும் ஐரிஷ் கடல் படகிலும் மறுபடி ரயிலிலும் வந்து அங்கே கப்பலைப் பிடித்துவிடும். அயர்லாந்துக் குடியேறிகளும் அங்கேதான் ஏறுவார்கள். அப்புறம் நியூயார்க்கின் சாண்டி ஹூக் முனை வரை கடல்தான். அங்கே வழிகாட்டும் பைலட் ஏறுவார், மருத்துவ அதிகாரி பார்ப்பார். முதல் வகுப்புப் பயணிகள் நேராகத் துறையில் இறங்கி வீட்டுக்குப் போகலாம். கீழ்த்தளப் பயணிகளைத் தனிப் படகில் ஏற்றிக் குடியேற்ற நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். 1855 முதல் அது காஸில் கார்டன், 1892 முதல் எல்லிஸ் தீவு. அங்கே யாரையாவது வேண்டாம் என்று திருப்பினால், கப்பல் நிறுவனம் தன் செலவில் அவரை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று 1891 சட்டம் சொன்னது. அதன்பிறகு நிறுவனங்கள் புறப்படும் துறைமுகத்திலேயே கண்டிப்பாகப் பரிசோதிக்க ஆரம்பித்ததில் ஆச்சரியமில்லை.

துறையில் நிற்கும் நாட்கள்தான் கப்பலுக்கு மிகவும் பரபரப்பானவை. சரக்கு இறங்கும், ஏறும். கொதிகலன்களைச் சுத்தம் செய்வார்கள். பக்கவாட்டில் படகுகள் வந்து நிற்க, ஆட்கள் கூடைகளிலும் வாளிகளிலும் ஆயிரக்கணக்கான டன் நிலக்கரியை ஏற்றுவார்கள். கரித்தூள் எல்லா இடத்திலும் படியும். ஏற்றி முடித்ததும் கப்பலை மேலிருந்து கீழ் வரை கழுவித் துடைத்து, அடுத்த பயணிகள் வருவதற்குள் பளபளவென்று ஆக்கியாக வேண்டும். திரும்பும் பயணத்தில் கீழ்த்தளத்தில் ஆள் குறைவு. அமெரிக்கத் தானியமும் பருத்தியும் இறைச்சியும்தான் அந்தத் திசையில் முக்கிய வரும்படி.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கூட்டு எஞ்சினால் மிச்சமான நிலக்கரியை 1880களில் வேகம் மறுபடி விழுங்கியது. கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் திறன் ஏறத்தாழ எட்டு மடங்கு வேண்டும். பயண நேரம் பாதியாகும் என்பதால், மொத்தத்தில் நிலக்கரி நான்கு மடங்கு. கடைசி ஒன்றிரண்டு நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம்தான் மிகவும் விலை உயர்ந்தது. அம்ப்ரியா 19 நாட் வேகத்தில் போனது, 14,500 குதிரைத்திறன். ஒரு பயணத்துக்கு 1,900 டன் நிலக்கரி, நாளுக்கு 300 டன். கேலியாவைவிட எவ்வளவோ பெரிய கப்பல், ஆனால் சரக்கு 1,000 டன்தான். அதைக் கட்டியது ஜான் எல்டர் பெயரில் இருந்த அதே கப்பல் தளம். சிக்கனத்துக்குக் கண்டுபிடித்த எஞ்சின் கடைசியில் வேகப் போட்டிக்கே பயன்பட்டது. அதற்கும் காரணம் தபாலும் முதல் வகுப்பும்தான், இரண்டும் வேகமான கப்பலையே தேடிப் போகும்.

ஆபத்து பெரும்பாலும் மூடுபனியில் வந்தது. நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே குளிர்ந்த நீரோட்டமும் சூடான நீரோட்டமும் சந்திக்கும் இடத்தில் கண்ணே தெரியாத பனிமூட்டம் இருக்கும், வசந்த காலத்தில் மிதக்கும் பனிப்பாறைகளும் வரும். தபால் நேரத்துக்குப் போக வேண்டும் என்பதால் பல மாலுமிகள் மூடுபனியிலும் வேகத்தைக் குறைக்கவில்லை. 1854 செப்டம்பரில் அமெரிக்காவின் காலின்ஸ் நிறுவனத்தின் ஆர்க்டிக், மூடுபனியில் வெஸ்டா என்ற சிறிய கப்பலோடு மோதி மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் ஒரு பெண்ணோ குழந்தையோ இல்லை. இரண்டு ஆண்டுகள் கூட ஆகாமல் அதே நிறுவனத்தின் பசிஃபிக் காணாமல் போனது. 1858-இல் நிறுவனமே மூடப்பட்டது. குனார்ட் மெதுவாகவும் பழமையாகவும் நடந்துகொள்வதாகப் பலர் குறை சொன்னார்கள். என்னைக் கேட்டால் அந்த நிதானம்தான் அவர்களைக் காப்பாற்றியது.

ஒரே புரொப்பெல்லர் உள்ள கப்பலுக்கு இன்னொரு பயம், அதைச் சுழற்றும் தண்டு. 1892 டிசம்பரில் அம்ப்ரியா நியூயார்க் போகும் வழியில் தண்டு முறிந்து நின்றுவிட்டது. கம்பியில்லாத் தந்தி வராத காலம், கரைக்குத் தகவல் சொல்ல வழியில்லை. இழுத்துப்போக வந்த கப்பலின் கயிறும் புயலில் அறுந்துபோனது. கிறிஸ்துமஸ் நாட்களில், ஆடும் கப்பலின் அடியில், பொறியாளர்கள் முறிந்த தண்டை அங்கேயே பட்டைகளால் பிணைத்துச் சரிசெய்தார்கள். மெதுவாக ஓட்டி ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். அந்தக் காலப் பெரிய கப்பல்களிலும் பாய்மரம் ஏன் இருந்தது என்பதற்கு இதுதான் பதில். இரண்டு எஞ்சின், இரண்டு புரொப்பெல்லர் கொண்ட சிட்டி ஆஃப் நியூயார்க், டியூடானிக் போன்ற கப்பல்கள் 1888, 1889-இல் வந்த பிறகே பாய்மரம் தேவையற்றதாகியது.

அட்லாண்டிக் கப்பலுக்கு முதுமை என்பது உடம்பு பழுதாவது இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டில் கப்பல் நல்ல திடமாகவே இருக்கும். ஆனால் அதே நிலக்கரியில் அதிகம் பேரை, அதிக வேகத்தில் கொண்டுபோகும் புதிய கப்பல் பக்கத்தில் வந்து நின்றுவிடும். தபால் அதற்குப் போகும், முதல் வகுப்பு பின்னாலேயே போகும். பழைய கப்பல் முதலில் குடியேறிகளை மட்டும் ஏற்றும், பிறகு வேறு கடலுக்கு வாடகைக்குப் போகும், கடைசியில் விற்கப்படும். கிரேட் வெஸ்டர்ன் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஓடியது. வைட் ஸ்டார் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஓஷியானிக், அட்லாண்டிக்கில் சில ஆண்டுகளே ஓடிவிட்டு சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே பல ஆண்டுகள் வேலை செய்தது.

பிரிட்டானியாவை ஒன்பது ஆண்டுகளிலேயே, 1849-இல், ஜெர்மானியக் கடற்படைக்கு விற்றார்கள். பீரங்கிகளைப் பொருத்தி பார்பரோஸா என்று பெயர் மாற்றி, ஹெல்கோலாண்ட் தீவுக்கு அருகே டேனிஷ் கப்பல்களோடு நடந்த மோதலுக்குத் தலைமைக் கப்பலாக அனுப்பினார்கள். 1852-இல் பிரஷ்யாவிடம் போய், நெடுநாள் டான்சிக் துறைமுகத்தில் வீரர்கள் தங்கும் கப்பலாக நின்றது. 1880-இல் டார்பிடோ சோதனைக்கு இலக்காக வைத்து மூழ்கடித்தார்கள்.

அம்ப்ரியா இன்னும் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. நடுவே தென்னாப்பிரிக்கப் போருக்குப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி அட்லாண்டிக்கில் ஓடியது. 1907-இல் குனார்ட் லூசிடானியா, மாரிடானியா என்ற இரண்டு கப்பல்களை, டர்பைன் என்ற புதுவகை நீராவி எஞ்சினோடு இறக்கியது. அவற்றைக் கட்ட பிரிட்டிஷ் அரசாங்கம் 26 லட்சம் பவுண்டு கடனும், வருடாந்திர உதவித்தொகையும் கொடுத்தது. போர் வந்தால் கப்பல்களைத் தர வேண்டும் என்ற பழைய நிபந்தனை அதிலும் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1910-இல், அம்ப்ரியாவைப் பழைய இரும்புக்காக உடைக்க விற்றார்கள்.